ஆணியில் துப்பாக்கி இல்லாத இரவு

சான் அன்டோனியோ, டெக்சாஸ்

போன மாதம் பக்கத்து வீட்டுப் பையனுக்கு 18 முடிந்தது. நாங்கள் ஊருக்குப் போகும்போதெல்லாம் எங்கள் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவன், தங்கமான பிள்ளை. இந்த வாரம் வேலி ஓரமாக என்னைக் கூப்பிட்டு, சொந்தக் காசில் வாங்கிய ரைஃபிளைக் காட்டினான். எனக்குக் கை நடுங்கியது.

இங்கே சட்டம் இப்படி. 1968-ஆம் வருஷத்துச் சட்டப்படி, லைசென்ஸ் உள்ள கடைக்காரர் 21 ஆகாதவருக்குக் கைத்துப்பாக்கி விற்கக் கூடாது. அந்த வரம்பும் செல்லாது என்று 2025 ஜனவரியில் இந்தப் பகுதி மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ரைஃபிளுக்கோ எப்போதும் 18 போதும். படிவம் எழுதிக் கொடுத்தால் கடைக்காரர் மத்திய அரசுப் பதிவில் பேரைச் சரிபார்ப்பார். 21க்குக் கீழே என்றால் சிறுவயதுப் பதிவுகளையும் பார்ப்பார்கள். ஏதாவது தட்டுப்பட்டால் பத்து வேலைநாள் வரை நிறுத்தி வைக்கலாம். கலெக்டர் கையெழுத்து கிடையாது, வீட்டுக்கு வந்து விசாரிக்கும் போலீஸ் கிடையாது, "உனக்கு எதற்கு?" என்ற கேள்வியும் கிடையாது. அதே பிள்ளைக்கு சிகரெட் விற்றால் குற்றம். அதற்கு 21 ஆக வேண்டும்.

அந்தப் பத்து நாளும் யுவால்டி என்ற ஊர் விலை கொடுத்ததால் வந்தது. இங்கிருந்து காரில் ஒன்றரை மணி நேரம். 2022 மே 24 அன்று 19 குழந்தைகளையும் இரண்டு ஆசிரியைகளையும் அங்கே சுட்டுக் கொன்றவனுக்கு வயது 18. பிறந்தநாள் முடிந்த சில நாளுக்குள் இரண்டு ரைஃபிள் வாங்கியிருந்தான். வயதை 21 ஆக்குங்கள் என்று பெற்றவர்கள் மாநிலத் தலைநகர் ஆஸ்டினுக்கு நடையாய் நடந்தார்கள். 2023-இல் மசோதா சட்டசபைக் குழுவைத் தாண்டியது. சபையின் ஓட்டுக்கே வராமல் செத்தது.

எனக்கு எங்கள் ஊர் ஞாபகம் வந்தது. ஆந்திராவில் கார்வேட்டிநகரத்துப் பக்கம், மல்லாட்டைக் கொல்லை. காட்டுப்பன்றிக்காகத் தாத்தா லைசென்ஸ் வாங்கி வைத்திருந்த ஒற்றைக்குழல் துப்பாக்கி கூடத்து ஆணியில் தொங்கும். 1985 தேர்தலுக்கு வழக்கம்போல ஸ்டேஷனில் ஒப்படைத்தார். அது திரும்புமுன் அவர் போய்விட்டார். அப்பா முன்பே இல்லை. திருப்பதியில் காலேஜ் படித்துக்கொண்டிருந்த நான், 19 வயது, வீட்டுக்குப் பெரிய ஆண்பிள்ளை என்ற நினைப்போடு கேட்கப் போனேன். ஸ்டேஷன் ரைட்டர், "இருபத்தொண்ணு ஆகட்டும், வா பாபு" என்று அனுப்பிவிட்டார். 1959 ஆயுதச் சட்டத்தில் முதலில் 16 என்றுதான் இருந்தது. 1983-இல்தான் 21 ஆக்கினார்கள். இரண்டு வருஷம் முந்தியிருந்தால் வயதைக் காட்டி என்னைத் தடுத்திருக்க முடியாது. அன்று அவமானத்தில் அழுதேன்.

அந்தக் கோடையில் கிணற்று முறையில் பங்காளிப் பெரியப்பாவோடு தகராறு. இரவில் எங்கள் முறைக்கு மோட்டாரை நிறுத்திவிட்டார். என் தாயைப் பற்றி ஒரு வார்த்தையும் சொன்னார். இருட்டில் வீட்டுக்கு ஓடி வந்து கூடத்துச் சுவரில் கை வைத்துத் துழாவினேன். ஆணி மட்டும் தட்டுப்பட்டது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அம்மா எழுந்து வந்து தண்ணீர் கொடுத்தாள். எதற்கு என்று கேட்கவில்லை.

மூன்று வருஷம் கழித்து அந்தப் பெரியப்பா மகள் கல்யாணத்தில் பந்தி பரிமாறினேன்.

இத்தனை வருஷத்தில் இதை இங்கே யாரிடமும் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை பையனின் அப்பாவிடம் சொல்லப் போகிறேன். ரைஃபிளைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, மூன்று வருஷம் சாவியை நீங்களே வைத்திருங்கள் என்று கேட்கப் போகிறேன்.