லடாக்கில் ஒரு குளிர்கால வாரம்

தில்லியின் தை மாதக் குளிரைப் பற்றி நம் வீடுகளில் முறையிடாதவர் இல்லை. நாங்களும் முறையிட்டு வந்தவர்களே. விமானத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் சென்று சேரக்கூடிய லே நகரில், சனவரித் திங்களில் ஒரு வாரம் தங்கிய பின்னர், அந்த உரிமையை இழந்துவிட்டோம்.

பனிமலை நாடு என்றதும் கழுத்தளவு வெண்பனி குவிந்து கிடக்கும் என்றே எண்ணிச் சென்றோம். விமானம் இமயத்தைக் கடக்கும்போது கீழே எங்கும் வெண்மைதான். கடந்ததும் காட்சி மாறிவிட்டது. பழுப்பு நிற மலைகள், கூழாங்கற் சமவெளிகள், நடுவே சிந்து நதி. தெற்கிலிருந்து வரும் பருவக்காற்றின் மேகங்களை இமயம் மறித்துவிடுவதால், லேயில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்து ஏறக்குறைய 100 மில்லிமீட்டர்தான். சென்னையில் பெய்வது ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். ஆக, லடாக் பனியால் மூடப்பட்ட பாலைவனம் என்று சொல்வதுகூட முழுதும் பொருந்தாது. குளிரால் இறுகிய பாலைவனம் என்பதே தகும். மிகுந்த பனிப்பொழிவைக் காண வேண்டுவோர் மேற்கே சோசி கணவாய்க்கும் திராசுக்கும் செல்ல வேண்டும்.

லே நகரம் கடல் மட்டத்திலிருந்து 11,500 அடி உயரத்தில் உள்ளது. அங்குக் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரு பங்கே. முதல் இரண்டு நாள்கள் படுத்து ஓய்வெடுக்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தும், எங்களுள் மூத்தவர் அன்று மாலையே கடைத்தெருவுக்கு நடந்தார். இரவு முழுவதும் தலைவலியும் குமட்டலும் அவரை வாட்டின. எஞ்சிய இருவரும் விழித்திருந்தோம். நல்லவேளையாக விடியலில் தணிந்தது. இந்நோய் முற்றினால் நுரையீரலில் நீர் கோத்து உயிருக்கே இடராகும் என்பதை அன்பர்கள் மறவாதிருக்க வேண்டுகிறோம்.

நாங்கள் தங்கியது ஒரு குடியானவர் வீடு. பச்சை மண் கற்களால் எழுப்பிய தடித்த சுவர். நெட்டிலிங்கம் போல் நெடிதுயர்ந்த ஒருவகை மரத்தின் உத்தரங்கள். அவற்றின்மேல் குச்சி பரப்பி மண் பூசிய தட்டைக் கூரை. கூரைமேல் வைக்கோலும் உலர்ந்த சாணமும் அடுக்கியிருந்தார்கள். குளிர்காலத்தில் குடும்பம் முழுவதும் அடுக்களையிலேயே வாழ்கிறது. நடுவில் இரும்பு அடுப்பு, சுவரோரம் துலக்கி வைத்த செம்பு, பித்தளைப் பாத்திரங்கள், தரையில் கம்பளங்கள். இரவில் வெளியே பூச்சியத்துக்குக் கீழ் 15 பாகை வரை சென்றது. ஆயினும் நண்பகலில் தென்புறக் கண்ணாடி அறையில் சால்வையின்றி அமர முடிந்தது. வெயிலில் இருந்தால் வெப்பம், ஒரு சாண் விலகி நிழலுக்கு வந்தால் நடுக்கம்!

வாற்கோதுமையை வறுத்து அரைத்த மாவும், வெண்ணெயும் உப்பும் சேர்த்துக் கடைந்த தேநீரும் அவர்கள் உணவு. இத்தேநீரை முதல் மிடற்றிலேயே விரும்பினோம் என்றால் அது பொய்யாகும். மூன்றாம் நாள் நாங்களே கேட்டு வாங்கிக் குடித்தோம்.

அவ்வீட்டுப் பாட்டியாரை எல்லாரும் ‘அபிலே’ என்று அழைத்தார்கள். ‘அபி’ என்றால் பாட்டி; ‘லே’ என்பது மரியாதைக்காகச் சேர்க்கும் விகுதி. குழாய்கள் உறைந்து வெடித்துவிடும் என்பதால் குளிர்காலத்தில் நீர் வழங்கல் நின்றுவிடுகிறது. ஆகவே மருமகள் நாள்தோறும் ஓடையின் பனிப்பாளத்தில் வெட்டிய துளையிலிருந்து நீரை முகந்து, இரண்டு தகரங்களில் சுமந்து வந்தார். நாங்களோ வழக்கம்போல் பல் துலக்கவும் கைகழுவவும் குவளை குவளையாக ஊற்றினோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அபிலே, பேரனை இந்தியில் சொல்லச் சொல்லி, சிரித்துக்கொண்டே கேட்டார்: “உங்கள் ஊரில் ஆறு மிகப் பெரிதோ?”

2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையில் நம் உறவினர் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்து நின்றதை நாம் அறிவோம். அறிந்தும் நாங்கள் அப்படி நடந்துகொண்டோம்.

பின்னர்தான் அவ்வூரின் தண்ணீர்க் கதையைக் கேட்டறிந்தோம். அங்கு உழவு முழுவதும் பனி உருகி வரும் நீரை நம்பியது. விதைப்பு சித்திரை, வைகாசியில். உயரத்துப் பனியாறுகள் நன்றாக உருகுவதோ ஆனியில். இடைப்பட்ட நாள்களில் வாய்க்காலில் நீர் அரிது. ஆகையால் யார் வயலுக்கு எப்போது நீர் என்று முறை வகுக்க ஊரார் ‘சுர்போன்’ என்னும் நீர்க்காரரை அமர்த்துகிறார்கள். நம் ஊர்களின் நீர்க்கட்டியார் போல. லே பொறியாளர் செவாங் நோர்பெல் 1987-இல் வேறொரு வழி கண்டார். குளிர்காலத்தில் வீணாக ஓடும் ஓடை நீரை மலை நிழலில் திருப்பிப் பரப்பி உறைய வைத்தார். ஊருக்கு அருகே தாழ்வான இடத்தில் உறைந்த பனியாதலால் விதைப்புக் காலத்திலேயே அது உருகத் தொடங்கியது. 2015-இல் அவருக்குப் பத்மசிறீ வழங்கப்பெற்றது. சோனம் வாங்சுக் 2013-14 குளிர்காலம் முதல் இன்னொரு முறையைச் செய்து பார்த்தார். மேட்டிலிருந்து குழாய் வழியே வரும் நீர், தன் அழுத்தத்தாலேயே பீறிட்டு எழுந்து, இரவுக் குளிரில் உறைந்து கூம்பாகக் குவிகிறது. பரந்து கிடக்கும் பனியைவிடக் கூம்பின்மீது வெயில் படும் பரப்புக் குறைவு. எனவே அது மெல்ல உருகுகிறது.

எல்லா ஊருக்கும் இவை எட்டவில்லை. சான்ஸ்காரில் குமிக் என்னும் பழைய ஊரின் மக்கள், மேலே பனி வற்றி நீர் குறைந்ததால், தம் வீடுகளை விட்டுக் கீழே ஆற்றையொட்டிய புதிய நிலத்துக்குப் பெயரத் துணிந்தார்கள். பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. அபிலே அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

சான்ஸ்கார் மக்கள் குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின்மேல் பல நாள் நடந்தே லே வந்தார்கள். அப்பாதைக்குச் ‘சாதர்’ என்று பெயர். 2024 மார்ச்சில் நிம்மு, பதும், தார்ச்சா ஊர்களைச் சேர்க்கும் சாலை இணைக்கப்பட்டது. ஆறு முன்போல் இறுகுவதில்லை என்று பேரன் கூறினான். சாலை வந்தது நல்லதே என்றும் கூறினான்.

புறப்படும் நாளில் மேகம் கவிந்து விமானம் வரவில்லை. மீண்டும் அதே வீட்டுக்குத் திரும்பினோம். மறுநாட் காலையில் நாங்கள் மூவரும் ஒரே செம்பு வெந்நீரில் முகம் கழுவி முடித்தோம். அபிலே அதனையும் பார்த்துச் சிரித்தார்.