போர்த்திய துகள்

ஊடுகதிர் எலும்பைக் காட்டும், குருதிக்குழாயைக் காட்டாது. 1895ஆம் ஆண்டில் இராண்ட்கன் அக்கதிரைக் கண்டறிந்த நாள் முதல் மருத்துவ உலகை வருத்திய குறை இது. குழாயில் ஓடும் குருதியும் அதனைச் சூழ்ந்த தசையும் கதிருக்கு ஏறக்குறைய ஒரே தன்மையனவே. கதிரைத் தடுக்கவல்ல கனமான பொருளொன்றைக் குருதியில் கலந்துவிட்டால் குழாய் தெரிந்துவிடும் என்று மருத்துவர்கள் எண்ணினர். எண்ணுவது எளிது, உடல் பொறுத்துக்கொள்ளும் பொருள் கிடைப்பதன்றோ அரிது! லிஸ்பன் நகர மருத்துவர் எகாஸ் மோனிஸ் 1927இல் சோடியம் அயோடைடு கரைசலைக் கழுத்துத் தமனியிற் செலுத்தி, உயிருள்ள மனிதரின் மூளைக் குழாய்களைப் படமெடுத்தார். அக்கரைசல் நோயாளியை வருத்தியது. 1931இல் அவர் தோரோட்ராஸ்ட் என்னும் வேறொரு மருந்துக்கு மாறினார்.

ஜெர்மனியில் உருவான மருந்து அது. தோரியம் டையாக்சைடைச் சில நானோமீட்டர் அளவே உள்ள துகள்களாக்கி, மாவுப்பொருளிலிருந்து கிடைக்கும் டெக்ஸ்ட்ரினை அவற்றின்மீது போர்த்தி, நீரில் மிதக்கவிட்டிருந்தனர். ‘நானோ’ என்னும் சொல் மருத்துவர் நாவில் வழங்காத காலம் அது. எனினும் செய்கை அதுவே. போர்வை இல்லையேல் துகள்கள் ஒன்றையொன்று பற்றிக் கட்டியாகிக் குழாயை அடைத்துவிடும். போர்வை இருந்தமையால் அவை குருதியோடு இழைந்தோடின. நோயாளிக்கு வலியில்லை, குமட்டலில்லை. படமோ பளிச்சென்று விழுந்தது. மருத்துவர்கள் மகிழ்ந்ததில் வியப்பில்லை.

தோரியம் மலாயாத் தமிழருக்கு முற்றிலும் அந்நியமான பொருளன்று. தோட்டப்புறத் திருவிழாக்களில் இரவைப் பகலாக்கிய பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டிலில் வெண்ணொளி வீசியது அதுவே. ஈயம் கழுவியபின் எஞ்சும் அமாங் மணலிலும், குமரிக் கடற்கரையின் மணவாளக்குறிச்சி மணலிலும் அது கலந்து கிடக்கிறது. விளக்கில் இருந்தவரை வெளியே இருந்தது. ஊசியின் வழியாக உள்ளே புகுந்தபோதுதான் இடர் பிறந்தது.

தோரியம் கதிரியக்கம் உடையது. அதன் பாதி சிதைய ஏறக்குறைய 1,400 கோடி ஆண்டுகள் ஆகும். இது அக்காலத்து மருத்துவர்க்குத் தெரியாத செய்தியன்று. 1932இலேயே அமெரிக்க மருத்துவக் கழகத்தின் குழுவொன்று இம்மருந்தை ஏற்க மறுத்து எச்சரித்தது. ஆயினும் பயன்பாடு நிற்கவில்லை. ஜப்பானில் போரில் காயமுற்ற வீரர்களுக்கும் இது செலுத்தப்பட்டது. கண்முன் நிற்கும் நோயாளி வலியின்றி எழுந்து நடக்கையில், முப்பதாண்டுக்குப்பின் வரக்கூடும் என்று சொல்லப்படும் கேடு யார் கண்ணுக்குத் தெரியும்?

குருதியில் அலையும் அயல்துகள்களை விழுங்கித் துப்புரவு செய்வதற்கென்றே கல்லீரலில் குப்பர் அணுக்கள் உள்ளன. அவை தோரியத்தையும் விழுங்கின, செரிக்க இயலவில்லை. பெரும்பகுதி கல்லீரலிலும், மீதி மண்ணீரலிலும் எலும்பு மச்சையிலும் தங்கிவிட்டது. அங்கிருந்து ஆல்பா கதிர்கள் ஓயாது வெளிப்பட்டன. ஆல்பா கதிர் ஓரிரு அணுக்களைத் தாண்டி அதிகம் செல்லாது. சென்ற சிறு தொலைவில் செய்யும் சேதமோ பெரிது. ஊசி போட்டுக்கொண்டவரின் மூச்சுக்காற்றில்கூடத் தோரான் என்னும் கதிரியக்க வளி கலந்து வந்தது. அவ்வளியை அளந்தே உடலில் எவ்வளவு தோரியம் உள்ளது எனப் பின்னாளில் ஆய்வாளர் மதிப்பிட்டனர்.

1947இல் இம்மருந்து பெற்ற ஒருவரின் கல்லீரலில் அரியவகைப் புற்று கண்டறியப்பட்டதை மருத்துவ ஏடு வெளியிட்டது. 1950களில் மருந்து கைவிடப்பட்டது. ஆனால் புகுந்தது புகுந்ததுதான். டென்மார்க், ஜெர்மனி, போர்த்துகல், ஜப்பான் ஆகிய நாடுகளின் ஆய்வாளர் ஊசி பெற்றோரைத் தேடிப்பிடித்துப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்தனர். இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்துக் கல்லீரல் புற்றும் குருதிப் புற்றும் தோன்றின. இளமையில் தலைவலிக்காகப் படமெடுத்துக்கொண்ட ஒருவர் பேரன் பேத்தியைக் கண்டபின் அப்படத்தினாலேயே மடிவது எத்துணைக் கொடுமை!

பசுத்தோல் போர்த்திய புலி என்று இதனைக் கூறிவிடலாம். ஆயினும் அஃது அவ்வளவு பொருந்தாது. ஏமாற்றும் எண்ணத்தோடு எவரும் போர்த்தவில்லை. போர்வை தன் பணியைச் செவ்வனே செய்தது. உள்ளிருப்பது பின்னர் என்னவாகும் என்ற கேள்விதான் பின்தள்ளப்பட்டது.

அதே வழியில் மற்றொரு துகள் வந்தது. எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்தப் படத்திற்காக, டெக்ஸ்ட்ரான் போர்த்திய இரும்பு ஆக்சைடுத் துகள்களுக்கு அமெரிக்கா 1996இல் ஒப்புதல் அளித்தது. இவற்றையும் குப்பர் அணுக்களே விழுங்கும். நலமான கல்லீரல் படத்தில் கருத்துவிடும். அவ்வணுக்கள் அற்ற கட்டியோ வெளிறித் தனித்து நிற்கும். வேறுபாடு யாதெனில், இரும்பை உடல் கரைத்துத் தன் இரும்புச் சேமிப்பில் சேர்த்துக்கொள்ளும். அம்மருந்து 2008இல் விற்பனையிலிருந்து நின்றது. அதன் இனத்தைச் சேர்ந்த ஃபெருமாக்சிட்டால் 2009இல் இரத்தசோகைக்கென ஒப்புதல் பெற்றது. வழக்கமான கடோலினியம் மருந்துகளுள் சில, சிறுநீரகம் தளர்ந்தோரின் தோலை இறுகச் செய்யும் நோயோடு தொடர்புடையவை என்பது 2006இல் வெளிப்பட்டிருந்தமையால், அத்தகையோர்க்குப் படமெடுக்கவும் சில மருத்துவர்கள் ஃபெருமாக்சிட்டாலைக் கையாண்டனர். இதற்கும் குறை உண்டு. கடும் ஒவ்வாமையால் உயிரிழப்பு நேர்ந்தமையால், மெல்லச் செலுத்தி, முடிந்தபின் அரைமணி நேரமாவது நோயாளியைக் கவனிக்க வேண்டும் என 2015இல் எச்சரிக்கை வலுப்படுத்தப்பட்டது.

தோரோட்ராஸ்ட் பெற்றவரை அரைமணி நேரமன்று, அரை ஆண்டு கவனித்திருந்தாலும் ஒன்றும் தென்பட்டிராது. ஊடுகதிரைத் தடுப்பதில் வல்ல தங்கத்தையும் துகளாக்கிப் போர்த்தி விலங்குகளுக்குச் செலுத்திப் பார்க்கின்றனர். படம் நன்றாகவே விழுகிறது. தங்கம் கதிரியக்கமற்றது, ஆனால் கரையாதது. கல்லீரலில் தங்கிய தங்கம் எப்போது வெளியேறும் என்பதே அங்கு முதலில் கேட்கப்படும் கேள்வி.