வேகம் பற்று, பலம் வரவு

காமர்ஸ் படித்தவனிடம் வட்டிக் கணக்கு கேட்பார்கள், வருமான வரிப் படிவம் நிரப்பித் தரச் சொல்வார்கள். ரோபோவுக்கு என்ன கியர் போடலாம் என்று எவரும் கேட்பதில்லை. அமெரிக்காவில், மிஷிகனில் பள்ளிக்கூடம் படிக்கும் என் அக்கா மகள் கேட்டாள்!

அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு 'ஃபர்ஸ்ட்' என்று ஒரு ரோபோ போட்டி. டீன் கேமன் என்பவர் 1989-ல் தொடங்கிய அமைப்பு நடத்துவது. 1992-ல் நியூ ஹாம்ப்ஷயரில் நடந்த முதல் போட்டியில் 28 அணிகள். ஐம்பது கிலோவுக்கு மேல் கனக்கும் ரோபோக்கள், பதினாறரை மீட்டர் நீள மைதானத்தில் ஓடும், முட்டும், தள்ளும். மூன்று நிமிஷத்துக்குள் ஆட்டம் முடிந்துவிடும். அதற்காகப் பிள்ளைகள் வாரக்கணக்கில் தூக்கத்தைத் தொலைக்கிறார்கள்.

"மாமா, டீம்ல எல்லாருக்கும் 6.12 கியர்தான் வேணுமாம். 8.14 போதும்னு நான் ஒருத்திதான் சொல்றேன்."

விஷயம் இவ்வளவுதான். மோட்டார் 8.14 தடவை சுற்றினால் சக்கரம் ஒரு தடவை சுற்றும். நிமிஷத்துக்கு 6000 சுற்று மோட்டார், நாலு அங்குலச் சக்கரம் என்றால் கணக்குப்படி விநாடிக்கு 3.9 மீட்டர். 6.12 போட்டால் 5.2 மீட்டர்.

"வேகமானதையே போட்டுட வேண்டியதுதானேம்மா?"

"எதிராளியைத் தள்ளணுமே! வேகத்துல கால் பங்கை விட்டுக் குடுத்தா, பலம் மூணுல ஒரு பங்கு கூடும் மாமா."

நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடக்க விலையில் மூன்றில் ஒரு பங்கு லாபம் என்றால், விற்பனை விலையில் கால் பங்கு! பி.காம். பெஞ்சில் உருப்போட்ட அதே பாடம். ஆஹா, இது நம்ம சப்ஜெக்ட்! வேகம் பற்று, பலம் வரவு. கியர் என்பது பங்கு பிரிக்கும் குமாஸ்தா. தன் கையிலிருந்து ஒரு பைசா போடாது.

ஆடிட்டர் தோரணையில் கேட்டேன். "ஒரே ஓட்டமா எவ்வளவு தூரம் ஓடும்?"

"பெரும்பாலும் அஞ்சாறு மீட்டர்."

உச்ச வேகத்தைத் தொடுவதற்குள் பிரேக் போட வேண்டுமே! காலி மனை வாங்கிக் கார் ஷெட் கட்டிய கதை. அதோடு, அதே பலத்தோடு தள்ள 6.12-க்கு மூன்றில் ஒரு பங்கு கரண்ட் அதிகம் தேவை. இருப்பதோ ஒரு 12 வோல்ட் பேட்டரி, 120 ஆம்பியர் பிரேக்கர். போன வருஷம் ஒரு தள்ளுமுள்ளில் பிரேக்கர் விழுந்து, இவர்கள் ரோபோ நட்ட நடுவில் கல்லாய் நின்றதாம். அன்று ரிமோட்டைப் பிடித்திருந்தவள் இவள்தான்.

"அப்ப இருபது, முப்பதுன்னு போட்டா யானை பலம் வந்துடுமே?"

"சக்கரம் வழுக்கிடும் மாமா. தரையோட பிடிப்புக்கு மேல பலம் இருந்து பிரயோஜனமில்ல. பிரேக்கர் விழறதுக்கு முன்னாடி சக்கரம் வழுக்கணும். அதுதான் சரியான கியர்."

பதினாறு வயசு! இதை அப்படியே டீமிடம் சொல்லச் சொன்னேன். மறுநாள் ஓட்டெடுப்பு. 6.12-ம் தோற்றது, 8.14-ம் தோற்றது. ஜெயித்தது 6.75!

கூட்டணி ஆட்சி. அந்தப் பிரேக்கர் மட்டும் ஆதரவை வாபஸ் வாங்காமல் இருக்க வேண்டும்.