எட்டரை மணி நேரம்

ஆகஸ்ட் 11, 2024, ஞாயிறு

காலையில் எழுந்ததும் நாடித்துடிப்பைக் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறார் இதய மருத்துவர். அதற்காக வாங்கிய நோட்டு. இன்று 56. ஒரே ஓர் எண்ணுக்கு ஒரு முழுப் பக்கம் போவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. கணக்கு டீச்சராக இருந்தவளுக்குக் காகித மிச்சம் பிடிக்கும் புத்தி ஓய்வு பெற்றாலும் போகாது.

நடந்தது இதுதான். போன ஞாயிறு லூப் ரோட்டில் லேசான ஓட்டம். பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம். நொச்சிக்குப்பம் தாண்டியதும் கைக்கடிகாரத்தில் 191 என்று காட்டியது. நெஞ்சுப்பட்டி காய்ந்துபோனால் இப்படித்தான் கதை விடும். நனைத்துப் போட்டுக்கொண்டேன். 188. நின்றுவிட்டேன். கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தால் துடிப்பில் ஒழுங்கே இல்லை. டீச்சர் வெளியே போனதும் வாய்ப்பாடு சொல்கிற வகுப்பு மாதிரி, ஒன்று முந்துகிறது, ஒன்று விழுங்குகிறது, இரண்டு சேர்ந்து கத்துகிறது. கரையில் ஏற்றிப் போட்டிருந்த படகோரம் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கிவிட்டது.

ஈசிஜி, எக்கோ இரண்டிலும் ஒன்றுமில்லை. “வந்துட்டு வந்துட்டுப் போற வகைம்மா. வர்ற நேரத்துல பிடிச்சாத்தான் பேர் சொல்ல முடியும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனா இருக்கலாம்” என்றார். இதயத்தின் மேலறைகள் தாளம் தவறி நடுங்குவது. அடிக்கடி வந்தால் ரத்தம் கட்டி மூளைக்குப் போகும் ஆபத்து உண்டு. “அக்டோபர்ல என்னமோ போட்டின்னீங்களே?” சொன்னேன். கோவா, மீராமார் கடற்கரை, 27-ஆம் தேதி. கடலில் 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 சைக்கிள், 21.1 ஓட்டம். அவர் பேனாவை மூடிவிட்டு, “பார்க்கலாம்” என்றார்.

பார்க்கலாம் என்றால் என்ன?

ஆகஸ்ட் 13

லூப் ரோட்டில் நேற்று முதலமைச்சர் மீன் அங்காடியைத் திறந்து வைத்திருக்கிறார். 366 கடைகளாம். ரோட்டோரம் குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்த என் மீன்காரம்மா உள்ளே மேடைக்குப் போய்விட்டாள். “இன்னா டீச்சரம்மா, ஓட்டத்த ரெண்டு நாளாக் காணோம்?” டாக்டர் வேண்டாம் என்கிறார் என்றேன். “முட்டியா?” “நெஞ்சு.” ஒன்றும் பேசாமல் சங்கராவைக் கழுவிக் கொடுத்துவிட்டு, மேலே ஒரு கைப்பிடி நெத்திலி போட்டாள். பேரம் பேசாமல் அவள் ஒரு மீன்கூட அதிகம் தந்ததில்லை. எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 16

54.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

பூசையில் மனசு நிற்கவில்லை. போட்டியின் விதிப்புத்தகத்தை மறுபடி படித்தேன். டிசம்பர் 31 அன்று என்ன வயதோ அதுதான் போட்டி வயது. எனக்கு 60 ஆக டிசம்பர் வர வேண்டும். ஆனால் அக்டோபரிலேயே 60–64 பிரிவில் போட்டுவிட்டார்கள். கிழவியாக்குவதில் இவ்வளவு சுறுசுறுப்பு காட்டுகிறவர்கள் நேரத்தில் மட்டும் சலுகை தருவதில்லை. 25 வயசுப் பையனுக்கும் எனக்கும் அதே எட்டரை மணி நேரம். நீச்சலை 70 நிமிஷத்தில் முடிக்காவிட்டால் சைக்கிளைத் தொட விட மாட்டார்கள்.

இதில் சேர்ந்ததே அதற்காகத்தான். பஸ்ஸில் எழுந்து இடம் தருகிறார்கள். கல்யாண வீட்டில் படியேற விடாமல் கீழேயே நாற்காலி போடுகிறார்கள். கோவாவில் ஒருத்தனும் எனக்கு நாற்காலி போட மாட்டான்.

ஜப்பானின் ஹிரோமு இனாடா 70 வயதில் முதல் டிரையத்லான் செய்தவர். 2015-இல் ஹவாயில், இதைவிட இரண்டு மடங்கு தூரம், 17 மணி நேர எல்லை. 82 வயது. முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் தடுமாறி விழுந்து, எழுந்து வந்து சேர்வதற்குள் சில நொடிகள் தாண்டிவிட்டன. கணக்கில் சேர்க்கவில்லை. அழுவதற்குப் பதில் மறுபடி வந்தார். 2018-இல் 85 வயதில் முடித்தார். மடோனா பூடர் என்ற அமெரிக்கக் கன்னியாஸ்திரீ, ஒரு சாமியார் சொன்ன பேச்சைக் கேட்டு 48 வயதில் ஓட ஆரம்பித்தவர். 2012-இல் கனடாவில், 82 வயதில், அதே முழுத் தூரம்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். “அவங்க ரெண்டு பேர் பேரும் நமக்குத் தெரியுது. நடுவுல நின்னுபோனவங்க பேர் தெரியலையே” என்றார். பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

ஆகஸ்ட் 24

துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் கருவியை ஒரு நாள் முழுக்க மாட்டிக்கொண்டு திரிந்ததில் ஒன்றும் சிக்கவில்லை. நெடுந்தூர விளையாட்டை வருஷக்கணக்காகச் செய்தவர்களிடம் இந்தக் கோளாறு கூடுதலாகத் தெரிகிறது, அதுவும் ஆண்களிடம் அதிகம் என்கிறார் டாக்டர். ஓடியதால் வந்ததா, வயதால் வந்ததா என்று கேட்டேன். “ரெண்டையும் நிறுத்திப் பார்க்க முடியாதே” என்று சிரித்தார். துடிப்பு 130-ஐத் தாண்டாமல் பயிற்சி செய்யலாமாம்.

130! கடவுளே, அது நடை.

ஆகஸ்ட் 29

பெசன்ட் நகர் மாதா கோயிலில் இன்று கொடியேற்றம். விடியற்காலையிலிருந்து சாந்தோம் சாலை முழுக்கக் காவி. வாசலில் தண்ணீர் வைத்திருந்தோம். காசிமேட்டிலிருந்து வெறுங்காலோடு வந்த பாட்டி ஒரு மடக்குக் குடித்தார். கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொன்னேன். “உக்காந்தா எந்திரிக்க முடியாதும்மா” என்று போய்விட்டார்.

செப்டம்பர் 8

கோவளத்தில் கடல் நீச்சல். பக்கத்திலேயே ஃபைபர் படகு. ஓட்டுகிற தம்பிக்கு என் மகன் வயதுதான் இருக்கும். வடக்குப் பக்கம் போகும்போது ராணி மாதிரி போனேன். திரும்பும்போது கையைப் போட்டுப் போட்டு அதே இடத்தில் கிடந்தேன். கரையிலுள்ள தென்னை நகரவே இல்லை. “வெள்ளம் வடக்க இழுக்குது டீச்சரம்மா. மழைக்காலம் வந்தா தெக்கத் திரும்பிக்கும். அது கூட மல்லுக்கட்டாதீங்க, கரையப் பாத்துச் சாய்ஞ்சு போங்க.”

இந்த வெள்ளம் வருஷத்தில் பாதிக்கு மேல் வடக்கே மணலைத் தள்ளிக்கொண்டு போவதால்தான் மெரினாவே வந்தது. 1870-களில் துறைமுகச் சுவரைக் கட்ட ஆரம்பித்ததும் மணல் அங்கே முட்டித் தெற்கே தேங்கியது. வடக்கே ராயபுரம் பக்கம் கரை தின்னப்பட்டது. சமூக அறிவியல் டீச்சர் சொல்லிக் கேட்டபோது மண்டையில் ஏறாதது, இன்று தோளில் ஏறியது.

கோவாவில் வெட்சூட் கிடையாது. தண்ணீர் 24.5 டிகிரிக்கு மேல் இருந்தால் போடக் கூடாது. மிதக்க வைக்க உடுப்பு உதவாது, என் சதைதான்.

கரையேறும்போது 126. சந்தோஷத்தில் வரும் வழியெல்லாம் பாடினேன். தம்பி படகு வாடகையில் நூறு ரூபாய் குறைத்தான். குறைக்கக் கூடாது என்று சண்டை போட்டுக் கொடுத்தேன்.

செப்டம்பர் 14

மூன்று மணிக்கு விழிப்பு வந்தது. இருட்டில் என் மணிக்கட்டில் இவர் விரல். எத்தனை நாளாக நடக்கிறதோ. “தூங்குறியான்னு பார்த்தேன்” என்றார். தூங்குகிறவள் கையைப் பிடித்தா தூங்குகிறாளா என்று பார்ப்பார்கள்? திரும்பிப் படுத்துக்கொண்டேன். கோபம். எதற்கென்று இன்னும் தெரியவில்லை.

காலையில் எழுதும்போது கேட்டேன், எவ்வளவு இருந்தது என்று. “எண்ணலை.”

செப்டம்பர் 22

மாமல்லபுரம் போய்த் திரும்பினேன். போகும்போது காற்று முதுகில். திரும்பும்போது முகத்தில். முட்டுக்காட்டுப் பாலத்தில் சின்னப் பெண்கள் இருவர் “சூப்பர் ஆன்ட்டி!” என்று தாண்டிப் போனார்கள். விரட்டத் தோன்றியது. 131. விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 23

மகன் அமெரிக்காவிலிருந்து கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசினான். அவனுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்கவில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

மெரினாவில் விமானப்படை சாகசம். விடியுமுன் ஓடி முடித்துவிட்டேன். ஒன்பது மணிக்குச் சாந்தோம் சாலையில் ஊரே நடந்துகொண்டிருந்தது, கைக்குழந்தைகளோடு. நாங்கள் மொட்டை மாடியிலிருந்தே பார்த்தோம். ஒரு மணிக்கு முடிந்தது. அத்தனை கூட்டமும் ஒரே நேரத்தில் திரும்பியது. பஸ் இல்லை, பறக்கும் ரயிலில் ஏற இடமில்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. கீழே இறங்கி, பயிற்சிக்கு வாங்கி வைத்திருந்த ஓஆர்எஸ் பொட்டலங்களைப் பக்கெட்டில் கரைத்து, டம்ளரோடு கேட்டில் நின்றோம்.

பெரியவர் ஒருவர் நடைபாதையில் சுவரோடு சாய்ந்து கிடந்தார். எழுபத்தைந்துக்குக் குறையாது. கூட வந்த பேரன் கடை தேடிப் போயிருந்தான். கையைத் தொட்டால் கொதிக்கிறது, ஆனால் வியர்வையே இல்லை. நிழலுக்கு இழுத்து, சட்டைப் பொத்தானைக் கழற்றி, ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டோம். தாகமாக இருந்திருக்குமே, கேட்டு வாங்கிக் குடித்திருக்கலாமே என்றேன். “தாகமே எடுக்கலம்மா.” வயதானால் அப்படித்தான். உடம்பு வற்றிய பிறகுதான் நாக்குக்குச் செய்தி வரும். வியர்வையும் குறையும். என் பயிற்சித் திட்டத்திலேயே சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன், தாகத்தை நம்பாதே என்று.

கொஞ்சம் தெளிந்ததும், “இந்த வயசுல, இந்த வெயில்ல, எதுக்குங்க பெரியவரே? வீட்ல டிவியில பார்த்திருக்கலாம்ல?” என்றேன்.

“பாக்கணும்னு இருந்துச்சு” என்றார். பிறகு, “சூர்யகிரண் பாத்தியாம்மா? ஒம்பது பிளேனும் ஒண்ணா வந்துச்சு பாரு!” என்று கையை விரித்துக் காட்டினார். விரல் நடுங்கியது.

இவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் பக்கெட்டைக் கழுவப் போனேன்.

அக்டோபர் 7

மெரினாவுக்குப் போனவர்களில் ஐந்து பேர் இறந்துவிட்டார்கள். அந்தப் பெரியவரைப் பேரன் ஆட்டோவில் ஏற்றிப் போனான். பெயர்கூடக் கேட்கவில்லை.

நாடி எழுதவில்லை.

அக்டோபர் 15

மழை. பள்ளிகளுக்கு விடுமுறை. வேளச்சேரியில் கார்களையெல்லாம் மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்தியிருக்கிறார்கள். ஹாலில் சைக்கிளை டிரெயினரில் பூட்டி ஓட்டினேன். சுவரைப் பார்த்துக்கொண்டு இரண்டு மணி நேரம். இவர் ஈரத் துணி காயப் போட்ட கயிற்றுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து செய்தி பார்த்தார். நடுவில் எழுந்து வந்து மின்விசிறியை என் பக்கம் திருப்பினார்.

இந்த முறை டாக்டர் நெஞ்சில் ஒட்டுகிற பட்டை கொடுத்திருக்கிறார். ஒரு வாரம் கழற்றக் கூடாது.

அக்டோபர் 19

நேற்றிரவு மாடிப்படியில் ஒரு தடவை வந்ததோ என்று சந்தேகம். பட்டையில் இருக்கிற பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தினேன். அழுத்தலாமா என்று கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான்.

அக்டோபர் 23

ரிப்போர்ட் நாளை. விமானம் நாளை மறுநாள். போகிறேனா என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் சைக்கிள் பெட்டிக்குள் போய்விட்டது. இவர் தனக்கும் டிக்கெட் போட்டிருப்பது இன்றுதான் தெரியும்.

போட்டியன்று கட்டும் எண்ணின் பின்புறம் அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது, உடம்பில் என்ன கோளாறு என்று எழுத வேண்டும் என்று சொன்னேன். எழுது என்றார். பெயரே தெரியாத கோளாறை எப்படி எழுதுவது என்றேன். “நீ எழுதலைன்னா நான் எழுதுவேன்.” சரி, பேர் தெரியட்டும் என்றேன். “தெரிஞ்சா?” என்றார். தெரிந்தால் நீந்திவிட்டு மட்டும் வருகிறேன் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அதைப் பிடித்துக்கொண்டார். ராத்திரிச் சாப்பாடு வரை பேரம் நடந்தது. நீச்சல் மட்டுமா, சைக்கிள் வரையா, 130 தாண்டினால் இறங்குவதா, 140-ஆ. சின்ன வயதில் வீட்டுக் கடனுக்குக்கூட நாங்கள் இவ்வளவு கணக்குப் போட்டதில்லை.

டாக்டர் பத்தரைக்கு வரச் சொன்னார். பெட்டி ஆட்டோவில் ஏறாது. காலையில் வேன் சொல்ல வேண்டும், போவதாக இருந்தால்.