பழைய வீடும் நாலு கிரவுண்டும்

வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைப் பண்ணிப் பார் என்று பெரியோர் எச்சரித்துப் போனார்கள். பிறர் கட்டி, பிறர் வாழ்ந்து, எண்பதுக்கு மேற்பட்ட ஐப்பசி கார்த்திகைகளைக் கண்டுவிட்ட வீட்டை வாங்கிப் பார்ப்பது எப்படி என்பதைப் பற்றி மட்டும் அவர்கள் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. அந்தக் குறையை நம்மால் இயன்ற அளவு நிவர்த்தி செய்யும் சந்தர்ப்பம் சென்ற ஐப்பசியில் வாய்த்தது. மஸ்கட்டில் இருபத்தெட்டு வருஷம் உழைத்துச் சேர்த்த பணத்தோடு ஊர் திரும்பிய நண்பர் ஒருவர், தாம்பரத்தில் ஒரு பழைய வீடு விலைக்கு வருகிறது என்றும், உடன் வந்து பார்க்க வேண்டும் என்றும் நம்மை அழைத்தார். அவருடைய ஆயுள் சம்பாத்தியம் முழுவதும் ஒரே கையெழுத்தில் போய்விடக்கூடிய காரியம். ஆகவே பழைய கட்டடங்களில் பழக்கமுள்ள ஒரு மேஸ்திரியையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டோம்.

சென்னைக் கடற்கரை நிலையத்தில் மின்சார ரயில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் தாம்பரம் சேரலாம். பரங்கிமலையைத் தாண்டியதும் கருங்கற் குன்றுகள் தலைகாட்டுகின்றன. இந்த வட்டாரத்துக் கல்லுக்குச் சரித்திரம் உண்டு. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்திருப்பது இங்கிருந்து போன கல்தான். தாமஸ் ஹாலண்டு என்ற நிலநூல் அறிஞர் அதை ஆராய்ந்து, 1893-ல் அவ்வகைப் பாறைக்குச் ‘சார்னாக்கைட்’ என்று பெயரிட்டார். வீடு பார்க்கப் போகிறவர்களுக்குக் கல்லின் கதை எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். கிணற்றங்கரைக்குப் போகும்போது விடை கிடைக்கும்.

தாம்பரம் 2021 முதல் மாநகராட்சி. ஆனால் ஊரின் பழைய வீடுகள் வேறொரு காலத்தைச் சேர்ந்தவை. நல்ல காற்றை நாடி டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928-ல் இங்கே க்ஷயரோக ஆரோக்கிய நிலையத்தை நிறுவினார். 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கிற்று. 1937-ல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி நகரத்தை விட்டு இங்கே குடியேறியது. பட்டணத்தில் உத்தியோகமும் கிராமத்தில் வாசமுமாக இருக்கலாம் என்று ஆசைப்பட்டவர்கள், கிணற்றுக்கும் மாட்டுக்கும் மாமரத்துக்கும் இடம் விட்டு, நாலு கிரவுண்டு ஐந்து கிரவுண்டாக மனை வாங்கினார்கள். நாம் பார்க்கச் சென்ற வீடும் அத்தகையதுதான். ஊரின் கிழக்குப் பக்கத்தில், 80 அடி அகலமும் 120 அடி நீளமுமாக 9,600 சதுர அடி மனை. நடுவில் 1938-ல் கட்டிய மச்சு வீடு. சுற்றிலும் வேம்பு, மா, தென்னை.

வாசலிலேயே தரகர் காத்திருந்தார். “ஸார், கட்டடத்தைப் பார்த்துக் கவலைப்படாதீர்கள். அதற்கு விலையே போடவில்லை. மனைக்கு மட்டுந்தான் விலை. வாங்கின மறுநாள் இடித்துத் தள்ளிவிடலாம்” என்றார்.

அவர் கணக்கு நமக்குப் புரிந்தது. 2019-ல் வந்த கட்டட விதிகளின்படி, சாதாரணக் கட்டடங்களுக்கு மனையின் பரப்பைப்போல் இரண்டு மடங்கு தளப்பரப்பு கட்ட இடமுண்டு. 9,600 சதுர அடி மனையில் 19,200 சதுர அடி எழும்பலாம். அதற்கு முன்னால் ஒரு பழைய கூடமும் நாலு அறைகளும் எம்மாத்திரம்? ஆனால் நம்முடைய அபிப்பிராயம் வேறு. கட்டடத்துக்கு விலை இல்லாமல் இருக்கலாம். சாட்சி சொல்லும் தகுதி அதற்கு நிறைய இருக்கிறது. இந்த மண்ணில் தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் வடிகிறது என்பதையெல்லாம் எண்பது வருஷத்துக்கு மேல் அங்கேயே நின்று பார்த்தது அந்த வீடுதான். இடிப்பதாக இருந்தாலும் முதலில் சாட்சியை விசாரித்துவிட வேண்டும்.

விசாரணை கூரையிலிருந்து தொடங்கியது. ‘மெட்ராஸ் டெரஸ்’ என்று கொத்தர்கள் சொல்லும் பழைய வேலை அது. தேக்குக் கட்டைகளை நெருக்கமாக வரிசைப்படுத்தி, அவற்றின்மேல் மெல்லிய செங்கற்களைக் குத்திட்டுச் சுண்ணாம்புச் சாந்தில் பதிப்பார்கள். அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கெட்டிப்படுத்தித் தட்டோடு பாவுவார்கள். இதில் நோய் காண்பது கட்டையின் நடுவில் அல்ல; சுவருக்குள் புதைந்திருக்கும் நுனியில். மேஸ்திரி ஏணியில் ஏறி, ஒவ்வொரு கட்டையும் சுவருக்குள் நுழையும் இடத்தில் கோணூசியால் குத்திப் பார்த்தார். கூடத்தில் பதினான்கு கட்டைகள். பதினொன்றில் ஊசி இறங்கவில்லை. மேற்கு மூலையில் மூன்றில் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. மாடிக்குப் போய்ப் பார்த்தால், அந்த மூலைக்கு நேரே இருந்த தூம்பை ஓர் அரசங்கன்று அடைத்துக்கொண்டிருந்தது. “கூரைக்கு வியாதி இல்லை, ஸார். தூம்புக்குத்தான் வியாதி. மூணு கட்டையை மாற்றினால் போதும்” என்றார் மேஸ்திரி. இடிந்து விழும் வீடு என்று தரகர் வர்ணித்தது மூன்று கட்டையில் வந்து நின்றது.

சுவர்களிலும் இதே பாடம். ஓர் அறையில் மட்டும் யாரோ பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தியெடுத்து சிமெண்ட் பூசியிருந்தார்கள். அந்த அறையில்தான் சுவர் ஓதம் பிடித்து உப்புப் பூத்திருந்தது. சுண்ணாம்புச் சுவர் உள்ளே ஏறிய ஈரத்தைத் தானே வெளிவிடும்; சிமெண்ட் அதன் வாயை மூடிவிடுகிறது.

உண்மையில் கவலை தந்த விஷயம் வீட்டுக்குள் இல்லை, வாசலில் இருந்தது. வீட்டுக்காரம்மாளுக்கு வயது எண்பத்து நான்கு. “நான் கலியாணமாகி வந்தபோது தெருவிலிருந்து நாலு படி ஏறி வரணும்” என்றார். இப்போது ஒரே ஒரு படி எஞ்சியிருக்கிறது. படிகள் எங்கும் போகவில்லை. தெருவைச் செப்பனிடும்போதெல்லாம் பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத் தார் போட்டுத் தெருவை உயர்த்திக்கொண்டே வந்திருக்கிறார்கள். பழைய வீடு வாங்குகிறவர்கள் பத்திரத்தைப் பார்க்குமுன் படியைப் பார்க்க வேண்டும். தெருவைவிடத் தாழ்ந்த வீட்டுக்கு மழை அழையாத விருந்தாளி.

2015-ஆம் வருஷம் டிசம்பர் முதல் தேதி தொடங்கிய மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தது. ரயில் பாதைக்கு மேற்கே முடிச்சூர், வரதராஜபுரம் முதலிய இடங்களை அடையாற்று வெள்ளம் சூழ்ந்தது உலகறிந்த சேதி. கிழக்கே இந்த வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டோம். அம்மாள் திண்ணைத் தூணில் முழங்கால் உயரத்தில் இருந்த மங்கலான கறையைக் காட்டினார். “ராத்திரி இதுவரை வந்தது. மறுநாள் சாயங்காலத்துக்குள் தோட்டம் குடித்துவிட்டது. பக்கத்து மாடிக் கட்டடத்தில் மோட்டார் வைத்து நாலு நாள் இறைத்தார்கள்” என்றார்.

தோட்டம் குடித்தது என்பது வெறும் பேச்சு அல்ல. 9,600 சதுர அடியில் 49 சென்டிமீட்டர் மழை விழுந்தால் சுமார் 4 லட்சத்து 37 ஆயிரம் லிட்டர். திறந்த மண் இருந்தால் அதில் ஒரு பங்கு பூமிக்குள் இறங்கும். மனை முழுவதும் சிமெண்ட் தளம் போட்டால் ஏறக்குறைய அத்தனையும் தெருவுக்கும் அண்டை வீட்டுக்கும் போய்ச் சேரும். மழைநீர்ச் சேகரிப்பைத் தமிழ்நாட்டில் 2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கினார்கள். இந்த வீடு சட்டம் வருவதற்கு 65 வருஷம் முன்பிருந்தே அதைச் செய்துகொண்டிருக்கிறது.

கிணற்றங்கரையில் சார்னாக்கைட் மறுபடி நம்மைச் சந்தித்தது. அந்தப் பாறையின் உடலில் தண்ணீர் ஊறாது. மேலே மக்கிக் கிடக்கும் மண்ணிலும், பாறையின் வெடிப்புகளிலுமே நீர் தங்கும். ஆகவே மேல்மண்ணை மூடிவிட்டால் கிணறு எவ்வளவு ஆழமாயிருந்தும் பிரயோசனமில்லை. கிணறு பார்க்கப் போகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடாது. “இந்தத் தண்ணீரில் பருப்பு வேகுமா?” என்று சமையலறையில் கேட்க வேண்டும். உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த நீரில் துவரம் பருப்பு கரையாமல் பிடிவாதம் செய்யும். அம்மாள் சிரித்து, “வேகும். வைகாசியில் மட்டும் கொஞ்சம் நேரமாகும்” என்றார்.

கடைசியாகப் பத்திரங்கள். 1961-ல் அம்மாளின் கணவர் தம் சம்பாத்தியத்தில் இதை வாங்கியிருக்கிறார். தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றும் இருந்தன. நாடாவைப் பிடித்து அளந்தோம். பத்திரத்தில் பின்பக்க அகலம் 80 அடி; தரையில் 78 அடி. பக்கத்து மதில் இரண்டு அடி நகர்ந்து வந்திருந்தது. சர்வேயர் அளந்து, புல வரைபடத்தோடு ஒத்துப் பார்க்காமல் முன்பணம் கொடுப்பதற்கில்லை என்று குறித்துக்கொண்டோம். வில்லங்கச் சான்றையும் வேதவாக்காகக் கொள்ளலாகாது. பதிவான சங்கதிகளே அதில் வரும். பதிவு செய்யாத உயில் அதில் தோன்றாது.

“யார் யார் கையெழுத்துப் போடுவார்கள்?” என்று நண்பர் கேட்டார். “அம்மாவும் இரண்டு பிள்ளைகளும்” என்றார் தரகர். பெண் உண்டா என்று கேட்டோம். “ஒரு பெண், நாக்பூரில். சீர் செய்து கட்டிக்கொடுத்தாயிற்று. அவளுக்கு இதில் என்ன?” என்றார். நிரம்ப இருக்கிறது. உயில் எழுதாமல் இறந்த ஹிந்து ஒருவரின் சுயார்ஜிதச் சொத்தில் மனைவிக்கும் மகன்களுக்கும் மகளுக்கும் 1956-ஆம் வருஷத்து வாரிசுரிமைச் சட்டம் சமபங்கு கொடுத்திருக்கிறது. நாலு பேரில் ஒருவர் கையெழுத்து இல்லையானால், நண்பர் வாங்குவது வீட்டில் முக்கால் பங்கும் வழக்கில் முழுப் பங்குந்தான். மகள் நேரில் வந்து கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும், அவள் பங்கு அவளிடமே சேர வேண்டும் என்று நண்பர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

தரகர் முகம் சுளித்தார். அம்மாள் மட்டும் உள்ளே போய், மகளின் முகவரி எழுதிய காகிதம் ஒன்றைக் கொண்டுவந்து நண்பர் கையில் கொடுத்தார். “வீடு பார்க்க எத்தனையோ பேர் வந்தார்கள். அவளைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை” என்றார்.

சர்வேயருக்கு மனுப் போட்டாயிற்று. நாக்பூருக்கும் கடிதம் போயிருக்கிறது. காரியம் கூடுமா என்பது அந்த இரண்டு பதில்களைப் பொறுத்தது. கூடினால், வீட்டை இடிப்பதில்லை என்றும், மூன்று கட்டையையும் ஒரு தூம்பையும் மாற்றி, தெருவிலிருந்து நீர் ஏறாதபடி வாசலில் வரம்பு கட்டி, தோட்டத்தைத் தோட்டமாகவே விடுவதென்றும் நண்பர் தீர்மானித்திருக்கிறார். புறநகரில் வீடு தேடும் அன்பர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: வீட்டைப் பங்குனி வெயிலில் பார்க்காதீர்கள், ஐப்பசி மழையில் போய்ப் பாருங்கள். கையில் நாடாவும் கோணூசியும் இருக்கட்டும். விற்கிறவர்கள் யார் என்று கேட்பதோடு நில்லாமல், அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் யார் யார் என்றும் கேளுங்கள்.