இளம்புல்லும் மட்டக்குதிரையின் குணமும்

ஏப்ரல் பிறந்துவிட்டால் பிரிட்டனின் குதிரைக் கொட்டில்களில் ஒரே புலம்பல்தான். குளிர்காலம் முழுக்கச் சிறுபிள்ளைகள் சொன்னதைக் கேட்டு நடந்த மட்டக்குதிரை, புல் தளிர்த்த சில வாரங்களில் வேறு பிராணி ஆகிவிடுகிறது. வேலியோரம் கிடக்கும் வாளியைக் கண்டு மிரள்கிறது. வயிற்று வாரை இறுக்கினால் கடிக்க வருகிறது. கயிறு பிடித்து நடத்துபவரைத் தோளால் தள்ளிக்கொண்டு புல்லை நோக்கிப் போகிறது. இதற்குத் திமிர் என்று பெயர் வைத்து, இன்னும் கடுமையான கடிவாளத்தைத் தேடுவதுதான் வழக்கம். நான் அந்த வழக்கத்தோடு உடன்படுவதில்லை. இந்தப் பருவத்தில் கெடும் குணத்துக்கு முதல் வைத்தியம் மேய்ச்சல் நிலத்தில் இருக்கிறது. பழக்குவதெல்லாம் அதற்குப் பிறகுதான். வரிசை மாறினால் அடித்துத் திருத்த வந்தவருக்குப் பயந்த குதிரை கிடைக்குமே தவிர, அடங்கிய குதிரை கிடைக்காது.

புல் குதிரையின் இயற்கை உணவுதானே, அது எப்படிக் கெடுதல் செய்யும் என்று கேட்பார்கள். எந்தப் புல், எந்தக் குதிரை என்று பார்க்க வேண்டும். ஷெட்லாண்ட், எக்ஸ்மூர், டார்ட்மூர், வேல்ஸ் மலை ஆகிய இனங்கள் எல்லாம் காற்றும் மழையும் அடிக்கும் மேட்டு நிலங்களில், நாரும் சக்கையுமான புல்லைத் தின்று உருவானவை. குளிர்காலத்தில் விலா தெரிய மெலிந்து, வசந்தத்தில் அந்த இழப்பை ஈடுகட்டிக்கொள்வதுதான் அவற்றின் ஆண்டுக் கணக்கு. இன்று அவை நிற்பதோ பால்மாட்டுக்காக விதைத்த ரைகிராஸ் புல் வயலில். 1919-இல் வேல்ஸின் அபெரிஸ்ட்வித்தில் தொடங்கிய தாவர இனவிருத்தி நிலையத்தின் வழியில் வந்த ஆய்வுகள், பிற்காலத்தில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் என்றே சர்க்கரை கூடிய ரைகிராஸ் வகைகளை உருவாக்கின. அசைபோடும் விலங்குக்கு அந்தச் சர்க்கரை நல்லது. இரைப்பையில் உள்ள நுண்ணுயிரிகள் அதைக் கொண்டு புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். அதே வேல்ஸின் மலைக்குதிரைக்கு அது தேவையில்லாத விருந்து. போதாததற்குக் குளிர்காலத்தில் கம்பளி போர்த்தி, தானியமும் வைத்து, மெலிய வேண்டிய மாதங்களில் மெலியாமலும் பார்த்துக்கொள்கிறோம். ஈடுகட்ட இழப்பே இல்லாத உடம்பில் வசந்தத்தின் வரவு மட்டும் ஏறுகிறது.

உடம்புக்குள் நடப்பது இரண்டு வழியில். சாதாரணச் சர்க்கரை சிறுகுடலில் உறிஞ்சப்பட்டு இரத்தத்தில் இன்சுலினை ஏற்றுகிறது. மட்டக்குதிரைகளில் பலவற்றுக்கு இந்த ஏற்றம் அளவு மீறிப் போகும். ஃப்ரக்டான் என்னும் சேமிப்புச் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குதிரைக்குக் கிடையாது. அதனால் அது பின்குடலுக்குப் போய் வேகமாகப் புளிக்கிறது. அங்கே அமிலம் கூடி, நுண்ணுயிர்க் கூட்டமே மாறுகிறது. இதற்கும் மிரட்சிக்கும் என்ன தொடர்பு? 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், சிறிய வேல்ஸ் பெண் குதிரைகளுக்கு மாவுச்சத்து மிகுந்த தீவனமும் நார் மிகுந்த தீவனமும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். மாவுச்சத்து தின்ற காலத்தில் சாணத்தின் நுண்ணுயிர்கள் மாறியதோடு, குதிரைகள் அதிகம் பதறவும் செய்தன. அது தானியத்தின் மாவுச்சத்து, புல்லின் சர்க்கரை அல்ல என்று மறுக்கலாம், மறுப்பு நியாயமானதே. ஆனாலும் பின்குடலை எட்டி விரைவாகப் புளிப்பது இரண்டுக்கும் பொது. ஆகவே புல்லை நிரூபணமான குற்றவாளியாக நான் சொல்லவில்லை. முதலில் விசாரிக்க வேண்டிய சாட்சி என்கிறேன்.

விசாரணையில் பலர் தவறவிடுவது வலி. குளம்புக்குள் திசு அழலும் லாமினைடிஸ் ஒரே நாளில் நொண்டவைத்து வந்து நிற்பதில்லை. இன்சுலினை மட்டும் செயற்கையாக உயர்த்தி, ஆரோக்கியமான மட்டக்குதிரைகளுக்கே அந்த நோயை வரவழைக்கலாம் என்று 2007-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். நோய் முற்றுவதற்கு முன் வருபவை சின்ன அறிகுறிகள்தான்: கல் தரையில் திரும்பத் தயங்கும், காலைக் கூசிக் கூசி வைக்கும், லாடம் அடிப்பவரிடம் காலைப் பிடுங்கும். இவற்றைத்தான் நாம் பிடிவாதம் என்கிறோம். கணுக்காலின் பின்பக்கம் விரல் வைத்தால் நாடி துள்ளுகிறதா, குளம்பு சுடுகிறதா, பிடரிமேடு கல்லாக இறுகியிருக்கிறதா என்று தினமும் பார்க்க ஒரு நிமிடம் போதும். சேணமும் அப்படித்தான். மார்ச்சில் பொருந்திய சேணம், தோளிலும் முதுகிலும் கொழுப்பு ஏறிய மே மாதத்தில் கிள்ளும். வார் கட்டும்போது கடிக்க வரும் குதிரையின் வாயைக் கட்டுவதில் என்ன பயன்? பெண் குதிரையாக இருந்தால் பகல் நீளும் காலத்தில் சினைப்பருவமும் சேர்ந்துகொள்ளும். அதற்குப் புல்லைப் பழிக்க முடியாது.

அடுத்து, புல்லைக் குறைப்பது. சொல்வது சுலபம், செய்வதில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். மொட்டையாக மேய்ந்த வயல் பாதுகாப்பானது என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் தாளின் அடியில்தான் ஃப்ரக்டான் சேர்கிறது என்பதால் ஒவ்வொரு வாயும் இனிப்பாகவே இருக்கும். வெறும் மூன்று மணி நேரம் விட்டால் போதும் என்பது இன்னொன்று. ஆய்வுகளில் அப்படி விடப்பட்ட மட்டக்குதிரைகள், பந்திக்குத் தாமதமாக வந்தவர்போல, நாள் போகப்போக வேகமாகத் தின்னப் பழகிக்கொண்டன. எந்நேரமும் மேயவிட்டால் எடையில் 5 சதவீதம் வரைக்கும் உலர்பொருளாகத் தின்னும் மட்டக்குதிரைகள் உண்டு. இளைக்க வேண்டிய 250 கிலோ குதிரைக்கு நான் வைக்கும் அளவு 1.5 சதவீதம், அதாவது சுமார் நான்கு கிலோ மட்டுமே. இடைவெளியைப் பாருங்கள். சிறு துளையுள்ள வாய்க்கூடை போட்டால் தின்னும் புல் ஏறக்குறைய 80 சதவீதம் குறைகிறது. அதோடு தண்ணீர் குடிக்க முடிகிறதா என்று பார்ப்பதும், இரவு பகலாக மாட்டி வைக்காமல் இருப்பதும் நம் வேலை. சர்க்கரை வெயிலில் ஏறி மாலையில் உச்சம் தொடும், இரவில் செலவாகும். ஆகவே விடியலில் மேயவிடுவது நல்லது. உறைபனி விழுந்த வெயில் காலை மட்டும் விதிவிலக்கு. குளிரில் வளர்ச்சி நின்றுவிடுவதால் சர்க்கரை செலவாகாமல் தாளிலேயே தங்கியிருக்கும். இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரேயடியாகப் பட்டினி போடுபவர்களும் உண்டு. கொழுத்த மட்டக்குதிரையைப் பட்டினி போட்டால் இரத்தத்தில் கொழுப்பு வெள்ளமாகப் பெருகி உயிரையே எடுத்துவிடும். புல்லுக்குப் பதில் ஊறவைத்த உலர்புல் வேண்டும், ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும்.

வலுவான மறுப்பு பழக்குநர்களிடமிருந்து வருகிறது. புல்லைக் காரணம் காட்டியே இருந்தால், தள்ளினால் வழி கிடைக்கும் என்று குதிரை கற்றுக்கொள்ளாதா? கற்றுக்கொள்ளும். ஏப்ரலில் ஒருமுறை இடித்துக்கொண்டு போய்ப் புல் தின்ற குதிரைக்கு, ஜூலையில் மிரட்சி அடங்கிய பிறகும் அந்தப் பாடம் மறக்காது. அதனால்தான் புல்லைக் குறைப்பதையும் பழக்குவதையும் ஒரே வாரத்தில் தொடங்கக் கூடாது என்கிறேன். தீவனமும் கடிவாளமும் சேர்ந்து மாறினால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது. குதிரையை அமைதிப்படுத்தும் என்று மக்னீசியம் பொடி விற்பவர்கள் வாழ்வது இந்தக் குழப்பத்தில்தான். பொடி போட்ட வாரத்திலேயே வயலையும் மாற்றியிருப்பார்கள். முதல் இரண்டு வாரம் புல்லை மட்டும் நிறுத்துங்கள். அந்நாட்களில் சவாரி வேண்டாம், தண்டனையும் வேண்டாம். கேட்டால் நிற்பது, கேட்டால் ஓரடி பின்வாங்குவது ஆகிய பழைய பாடங்களை, புல் கண்ணில் படாத முற்றத்தில் சில நிமிடம் செய்தால் போதும். அதிகச் சக்தியைச் செலவழிக்கட்டும் என்று நீளக் கயிற்றில் வட்டமாக ஓட்டுவது குளம்பு நோகாதது உறுதியான பின்தான். இரண்டு வாரத்தில் மிரட்சி தணிந்து, இடிப்பது மட்டும் மிச்சமிருந்தால் அது கற்றுக்கொண்ட பழக்கம். இனி அது பழக்குநரின் வேலை. எதுவுமே மாறவில்லை என்றால் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு, பல்லையும் வயிற்றுப் புண்ணையும் பார்க்கச் சொல்லுங்கள். மாறியது என்றால் வாய்க்கூடையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடாதீர்கள். செப்டம்பர் மழைக்குப் பிறகு புல் இன்னொரு முறை தளிர்க்கும்.