உப்புத் தண்ணிக்கு எதுக்கு உப்பு?

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி அதிகம். இப்போ வந்ததுக்குக் காரணம், போன மாசம் சொந்த வீட்டுலயே நான் பல்பு வாங்கின கதை. சிரிச்சுட்டுப் போங்க :-)

நம்ம ஊரு கரிவலம்வந்தநல்லூர். சங்கரன்கோவில்ல இருந்து ராஜபாளையம் போற ரோட்டுல வரும். அங்க அம்மாவுக்கு ஒரு டிஷ்வாஷர் வாங்கிக் கொடுத்தேன். பந்தாவுக்கு இல்லீங்க. அம்மாவுக்கு விரல் இடுக்கெல்லாம் வெடிச்சு, சோப்புத் தண்ணி பட்டாலே எரியும். "கையை ஈரத்துல வைக்காதீங்கம்மா"ன்னு டாக்டர் சொல்லிட்டார். அப்போ பாத்திரம் யார் கழுவுறது? இந்தக் கேள்விக்கு ரெண்டு பதில் இருக்கு. நான் கழுவலாம். இல்லைன்னா மெஷின் வாங்கலாம். இஞ்சினியரிங் படிச்சவன் எதைத் தேர்ந்தெடுப்பான்னு உங்களுக்கே தெரியும்.

மாட்டிக் கொடுத்துட்டு சென்னை வந்துட்டேன். போன்ல கேட்கும்போதெல்லாம் "நல்லாத்தான் கழுவுதுய்யா"ன்னு பதில். நமக்கோ ஒரே பெருமை.

மூணு வாரம் கழிச்சு ஊருக்குப் போனேன். காலைல அஞ்சு மணிக்கு பின்வாசல்ல பாத்திரம் உருளுற சத்தம். எட்டிப் பார்த்தா, ராத்திரி மெஷின்ல கழுவின அத்தனையையும் அம்மா எடுத்துப் போட்டு, உட்கார்ந்து திரும்பத் தேய்ச்சுக்கிட்டு இருக்காங்க. டம்ளரை வாங்கிப் பார்த்தேன். சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளை. எங்க ஊர் சாமி பேரு பால்வண்ணநாதர். டம்ளருக்கும் அந்த வண்ணமா!

"ஏம்மா சொல்லல?"

"நீ சம்பளத்தைப் போட்டு வாங்கிருக்க. எப்படிய்யா சொல்ல?"

சுருக்குனு இருந்துச்சு. யூசர் பக் ரிப்போர்ட் பண்ணல, அதனால பக்கே இல்லைன்னு மூணு வாரமா நினைச்சுக்கிட்டு இருந்திருக்கேன்.

சரி, உட்கார்ந்தேன் டீபக் பண்ண. முதல் சந்தேகம், தண்ணி வேகம். மாடித் தொட்டி பத்து மீட்டர் உயரத்துல இருந்தாத்தான் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கிடைக்கும். நம்ம தொட்டி மூணு, நாலு மீட்டர்தான். ஆனா மெஷினுக்கு அது போதும்னு கையேட்டுலயே போட்டிருந்துச்சு. அடுத்து, தண்ணி உள்ள வர்ற குழாய் வாயில இருக்குற சல்லடை. கொஞ்சம் மணல், தட்டிவிட்டேன். அடியில இருக்குற வடிகட்டியில கறிவேப்பிலையும் புளிச்சக்கையும். அதையும் எடுத்தாச்சு. பவுடரை மாத்தியாச்சு. திரும்ப ஓட்டினா, திரும்ப வெள்ளை.

கடைசியா, உள்ள சுத்திச் சுத்தித் தண்ணி பீச்சுமே, அந்தக் கையைக் கழட்டினேன். ஓட்டை பாதிக்குப் பாதி வெள்ளையா அடைச்சுக் கிடக்கு. ஊக்கை வச்சு நோண்டுறேன், வரமாட்டேங்குது. பின்னாடி நின்ன அம்மா சொன்னாங்க:

"இது வெந்நீர் அண்டாவுல பிடிக்குமே, அந்தப் பொருக்குல்லா? புளி போட்டுத் தேச்சாத்தான் போகும். இந்த போர் தண்ணியில பருப்பே வேகாது, சோப்பு நுரைக்காது. மெஷினு மட்டும் என்ன செய்யும் பாவம்."

அவ்வ்வ்வ்... முப்பது வருஷ லாக் ஃபைல் பக்கத்துலயே நின்னுக்கிட்டு இருந்திருக்கு. நான்தான் திறந்து பார்க்கல.

விஷயம் இதுதான். நாம உப்புத் தண்ணின்னு சொல்றதுல சமையல் உப்பைவிட கால்சியம், மெக்னீசியம்தான் தகராறு. சூடாக்கினா கால்சியம் கார்பனேட்டாப் படியும். அதான் அண்டாப் பொருக்கு. பருப்பை இறுக வைக்கிறதும் அதே கால்சியம். புளியில இருக்குற அமிலம் அதைக் கரைக்குது. இந்தியத் தரக் கட்டுப்பாடு ஐஎஸ் 10500 படி குடிதண்ணியில மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும். வேற தண்ணிக்கு வழியே இல்லைன்னா 600 வரைக்கும் போகலாம். மெஷினோட வந்த சோதனைத் தாளை எங்க போர் தண்ணியில முக்கினேன். அட்டையில இருக்குற கடைசி நிறத்துக்கே போயிருச்சு!

இதுக்காகவே மெஷினுக்குள்ள ஒரு ரெசின் டப்பா இருக்கு. அது கால்சியத்தைப் பிடிச்சு வச்சுக்கிட்டு சோடியத்தை விடும். பிடிச்சுப் பிடிச்சு ரெசின் நிறைஞ்சதும் உப்புக் கரைசல் வந்து அதைக் கழுவிவிடும். அதுக்குத்தான் உப்பு ஊத்துற அறை. நான் உப்பே போடல. ஏன்னா, உப்புத் தண்ணிக்கு எதுக்குடா இன்னும் உப்புன்னு நானா ஒரு முடிவுக்கு வந்துட்டேன் :-( முகப்புல ஒரு லைட்டு எரிஞ்சுக்கிட்டேதான் இருந்துச்சு. வார்னிங்தானே, எரர் இல்லையேன்னு விட்டுட்டேன். நம்ம தொழில் பழக்கம்!

அப்புறமென்ன, அந்தக் கையை சிட்ரிக் அமிலத்துல ஊறவச்சு, வெறும் மெஷினை அதே அமிலம் போட்டு ஒருதடவை ஓட்டி, கடினத்தன்மை அளவை மேலே ஏத்தி வச்சேன். டேபிள் சால்ட்டு கூடாதுன்னு கையேட்டுல இருந்ததால, மெஷின் உப்பை ஆர்டர் பண்ணினேன். "தூத்துக்குடிக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு உப்பைப் பார்சல்ல வாங்குதான் பாரு"ன்னு தெருவே சிரிச்சுது. உப்பு வந்து சேர நாலு நாள் ஆச்சு. அந்த நாலு நாளும் பாத்திரம் நான்தான் கழுவினேன். எவ்வளவு தேய்ச்சாலும் நுரை வராது, பிசுக்கு போகாது, மூணாவது நாளே என் விரல் காந்த ஆரம்பிச்சிருச்சு. அம்மா இதை முப்பது வருஷம் செஞ்சிருக்காங்க.

1886-ல பாத்திரம் கழுவுற மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினது ஜோசபின் காக்ரேன்னு ஒரு அமெரிக்க அம்மா. 1893 சிகாகோ கண்காட்சியில வச்சுக் காட்டினாங்க. ஹோட்டல்காரங்க வாங்கினாங்க, ஆனா வீடுகள்ல ரொம்ப நாள் எடுபடல. வீட்டுத் தண்ணியைக் கேட்காம மெஷினை மட்டும் கொண்டுவந்து வச்சா அவ்வளவுதான் போல.

இப்போ டம்ளர் பளபளன்னு இருக்கு. அஞ்சு மணிக்கு சத்தம் இல்லை. அம்மா விரல் மெதுவா ஆறிக்கிட்டு வருது. இரும்புச் சட்டியை மெஷின்ல போடக்கூடாது. ஊருக்குப் போனா அது என் வேலை.

டிஸ்கி: வீட்டுக்கு என்ன வாங்கினாலும், மூணு நாள் கழிச்சு "நல்லாருக்கா?"ன்னு போன்ல கேட்காதீங்க மக்களே. நேர்ல போய்ப் பாருங்க. காலைல அஞ்சு மணிக்கு.